இலவச மேடைகளும் வெளியேறும் செலவும்

2021 ஜனவரி இறுதியில் தென்னாப்பிரிக்காவின் வருவாய்த் துறை, வரி வசூலிக்கும் ஒரு துறை வழக்கமாகச் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தது. தனக்கென்று சொந்தமாக ஓர் இணைய உலாவியை வெளியிட்டது. வரி செலுத்துவோர் அதைத் தங்கள் கணினியில் நிறுவிக்கொண்டு, அதன் வழியாகவே சில படிவங்களை நிரப்ப வேண்டும். விண்டோஸ் கணினியில் மட்டுமே அது இயங்கும்.

காரணம் எளியது. அத்துறையின் மின்னணுப் படிவங்களில் ஒரு பகுதி அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டிருந்தது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்திக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கம் இயங்குவதையே தடுத்துவிட்டது. முடிவு வரப்போகிறது என்ற அறிவிப்பு 2017 ஜூலையிலேயே வெளியாகிவிட்டது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டு அவகாசம் இருந்தும், எல்லாப் படிவங்களையும் மாற்றி எழுதி முடிக்க முடியவில்லை. எல்லா உலாவிகளும் கைவிட்ட ஒன்றை உயிரோடு வைத்திருக்க, ஓர் அரசுத் துறை தானே உலாவி தயாரிக்க நேர்ந்தது.

இதை அந்நாட்டு அதிகாரிகளின் மெத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், பொருளியல் மாணவனுக்கு இதில் வேறொரு கேள்வி எழுகிறது. இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளின் விலையை யார், எப்போது, எவ்வளவு செலுத்துகிறார்கள்? இந்தியாவில் இன்று பத்திரப் பதிவு முதல் மின்கட்டணம் வரை எல்லாமே செயலிகளாகிக் கொண்டிருக்கின்றன. எந்த மென்பொருள் மேடையின் மீது அவற்றைக் கட்டுவது என்ற முடிவு, ஏதோ ஓர் ஒப்பந்தப்புள்ளிக் குழுவின் கூட்டத்தில் அரைமணி நேரத்தில் எடுக்கப்படுகிறது. அப்படி முடிவெடுப்போர், கணினித் திரையைக் கைப்பற்றுவதற்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த போட்டியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

அந்தப் போட்டி மிகச் சிறிய பொருளிலிருந்து தொடங்கியது. கணினித் திரையின் ஓரத்தில் கடிகாரம், வானிலை, பங்குச் சந்தைக் குறியீடு ஆகியவற்றைக் காட்டிக்கொண்டிருக்கும் சிறுசெயலிகளுக்கு ‘விட்ஜெட்’ என்று பெயர். 2003-இல் ஆப்பிள் கணினிகளுக்காக இருவர் சேர்ந்து ‘கன்ஃபேபுலேட்டர்’ என்ற மென்பொருளை வெளியிட்டனர். ஓரளவு நிரல் எழுதத் தெரிந்த எவரும் அதைக் கொண்டு தமக்கு வேண்டிய விட்ஜெட்டைத் தயாரித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சிறப்பு. அடுத்த ஆண்டே ஆப்பிள் தன் இயங்குதளத்தில் ‘டாஷ்போர்டு’ என்ற பெயரில் ஏறத்தாழ அதே வசதி வரப்போவதாக அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் தன்னை நகலெடுக்கிறது என்று அப்போது பதாகை வைத்துக் கிண்டலடித்துக்கொண்டிருந்த ஆப்பிளை, அதே வாசகத்தைத் திருப்பிப்போட்டுக் கேலி செய்தனர் கன்ஃபேபுலேட்டர் படைப்பாளிகள். 1984-ஆம் ஆண்டின் முதல் மெக்கின்டாஷ் கணினியிலேயே இத்தகைய சிறு கருவிகள் இருந்தன என்று ஆப்பிள் ஆதரவாளர்கள் வாதிட்டதையும் சொல்லத்தான் வேண்டும். முன்னோடி யார் என்ற வழக்கைவிட, பிறகு நடந்தவையே நமக்கு முக்கியம்.

2005 ஜூலையில் கன்ஃபேபுலேட்டரை யாஹூ விலைக்கு வாங்கி இலவசமாக்கியது. கூகுள் தன் ‘டெஸ்க்டாப்’ மென்பொருளில் ‘கேஜெட்’ என்ற பெயரில் இவற்றைச் சேர்த்தது. 2007 தொடக்கத்தில் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, திரையின் வலப்பக்கத்தில் இவற்றுக்கென்றே ஒரு பட்டையை ஒதுக்கியது. நான்கு நிறுவனங்கள், நான்கு மேடைகள்; ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றில் அப்படியே இயங்காது. கூகுள் 2011-இல் தன் டெஸ்க்டாப்பை நிறுத்தியது. யாஹூ 2012-இல் கடையை மூடியது. அதே ஆண்டு ஜூலையில் மைக்ரோசாஃப்ட், பாதுகாப்புக் குறைபாடு காரணமாகத் தன் கேஜெட் வசதியையே முடக்கிவிடுமாறு பயனாளர்களுக்கு அறிவுரை வழங்கியது. ஆப்பிளின் டாஷ்போர்டு 2019 வரை பெயரளவில் நீடித்தது.

இந்தச் சிதைவுகளிலிருந்து ஒரே ஒரு பொருள் மட்டும் உயிரோடு மீண்டது. டாஷ்போர்டுக்காக, இணையப் பக்கத்தின் ஒரு பகுதியில் நேரடியாகப் படம் வரையும் ‘கேன்வாஸ்’ என்ற கூறினை ஆப்பிள் 2004-இல் உருவாக்கியிருந்தது. அதைப் பிற உலாவிகளும் ஏற்றுக்கொண்டன. பொதுத் தரநிலைக்குள்ளும் அது இடம்பெற்றது. இன்று எந்த உலாவியிலும் வரைபடமோ விளையாட்டோ ஓடினால், பெரும்பாலும் அதன் அடியில் இருப்பது கேன்வாஸ்தான். அதைப் பெற்றெடுத்த டாஷ்போர்டு மறைந்துவிட்டது. பொதுச்சொத்தாகிவிட்ட கேன்வாஸ் நிலைத்துவிட்டது.

விட்ஜெட் போட்டி சிறு ஒத்திகையே. பெரும் போர் 2007-08-இல் மூண்டது. இணையப் பக்கம் என்பது எழுத்தும் படமும் மட்டும் அல்ல, மேசைக்கணினி மென்பொருள் போலவே இயங்கும் ‘வளமிகு செயலி’யாக அது மாற வேண்டும் என்ற முழக்கத்துடன் மூன்று நிறுவனங்கள் களமிறங்கின. அடோபி 2008 பிப்ரவரியில் ‘ஏர்’ மேடையின் முதல் பதிப்பை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் ‘சில்வர்லைட்’ 2007 செப்டம்பரில் வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2007 மே மாதம் அறிவித்த ‘ஜாவா எஃப்எக்ஸ்’, 2008 டிசம்பரில் முதல் பதிப்பைக் கண்டது.

மூன்றையும் ஒப்பிட்டால், மூன்றிலும் உண்மையான தகுதி இருந்தது. அடோபியின் ஏர், உலாவிக்கு வெளியே, விண்டோஸ், மெக்கின்டாஷ் இரண்டிலும் இயங்கியது. இணைய இணைப்பு இல்லாதபோதும் வேலை செய்ய, தரவுகளைச் சேமிக்கும் வசதியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. ஃபிளாஷ் தெரிந்தவர், சாதாரண இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவர் ஆகிய இரு சாராருமே அதில் செயலி உருவாக்க முடிந்தது. ட்விட்டரைப் பயன்படுத்துவோரிடையே புகழ்பெற்ற ‘ட்வீட்டெக்’, பிபிசியின் ‘ஐபிளேயர்’ கணினிப் பதிப்பு ஆகியவை ஏர் மேடையில்தான் எழுந்தன. சில்வர்லைட்டின் வலிமை, காணொளியும் நிரல்மொழியும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் மொழிகளில் ஏற்கெனவே பழகியிருந்த பெரும் நிரலாளர் கூட்டம் புதிதாக எதையும் கற்காமல் அதில் நுழைய முடிந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிகளை அமெரிக்காவின் என்பிசி இணையத்தில் ஒளிபரப்பியது சில்வர்லைட் வழியாக; நெட்ஃபிளிக்ஸ் கணினிகளுக்குத் திரைப்படங்களை அனுப்பியதும் அதன் வழியாகத்தான். ஜாவாவுக்கு, எங்கும் இயங்கும் என்ற நற்பெயர் இருந்தது. ஆனால் தொடங்குவதற்குள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்ற கெட்ட பெயரும் கூடவே இருந்தது. சன் நிறுவனம் இதற்கென்று புதிய எழுத்துமொழி ஒன்றையே அறிமுகப்படுத்தியது. அதைக் கற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மூன்றுமே பயனாளருக்கு இலவசம். பொருளியலில் நிரப்புப் பண்டம் என்ற கருத்து உண்டு. அச்சுப்பொறியை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் லாபம் பார்ப்பது அதன் எளிய உதாரணம். அடோபி, இயக்கும் மென்பொருளை இலவசமாகக் கொடுத்து, உருவாக்கும் கருவிகளை விலைக்கு விற்றது. மைக்ரோசாஃப்டுக்கு சில்வர்லைட்டில் நேரடி வருவாய் தேவையில்லை. நிரலாளர்கள் தன் கருவிகளையும் தன் வழங்கிகளையும் விட்டு நகராமல் இருந்தால் போதும். சன், ஜாவா என்ற பெயரின் செல்வாக்கைக் கைப்பேசி வரை நீட்டிக்க விரும்பியது. ஆக, மேடை என்பது மூன்று நிறுவனங்களுக்குமே வேறொரு வியாபாரத்தின் முன்வாசல். அந்த வியாபாரத்தின் திசை மாறினால், முன்வாசல் மூடப்படும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் அனுமதி கேட்கப் போவதில்லை.

அப்போது வெளிவந்த ஒப்பீடுகள் பெரும்பாலும் வேகம், அளவு, அசைவூட்டத்தின் நேர்த்தி, எத்தனை கணினிகளில் நிறுவப்பட்டுள்ளது என்பவற்றையே அளந்தன. தமிழ் வாசகருக்கு இயல்பாகத் தோன்றும் ஒரு கேள்வி அந்தப் பட்டியல்களில் அரிது: அதில் தமிழ் சரியாகத் தெரியுமா?

‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினியின் நினைவகத்தில் ககர மெய்யின் பின்னேதான் உயிர்க்குறி நிற்கிறது. திரையில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இந்த ஒழுங்கமைப்பைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறிக் கிடக்கும், ஒற்றெழுத்துகள் சிதறும். உலாவிகள் இவ்வேலையை இயங்குதளத்திடமே ஒப்படைத்துவிட்டதால், விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே ஒருங்குறித் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க முடிந்தது. புதிய மேடைகளோ எழுத்துகளைத் தாங்களே வரைந்தன. ஆங்கிலத்துக்கு அது போதும். சிக்கலான எழுத்து ஒழுங்கமைப்பு கொண்ட மொழிகளுக்கான புதிய உரைப் பொறி, ஃபிளாஷில் 2008 அக்டோபரில் வந்த பத்தாம் பதிப்பில்தான் சேர்ந்தது. சில்வர்லைட்டில் அது 2010-இல் வந்த நான்காம் பதிப்பின் அம்சம். ஜாவா எஃப்எக்ஸில் 2014-இல் வந்த எட்டாம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது, உலகத் தரம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட மேடைகளில் நம் மொழி பிற்சேர்க்கையாகவே இடம்பெற்றது. தனியார் மேடையில் எந்த வசதி எப்போது வரும் என்பதை அதன் உரிமையாளரின் சந்தைக் கணக்கே தீர்மானிக்கிறது. பொதுத் தரநிலையில் குறைந்தபட்சம் வாதாடுவதற்கு ஓர் இடமாவது உண்டு.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. 1990-களில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு தமிழ்க் குறியாக்கத்தை வைத்திருந்ததையும், ஒரு கணினியில் தட்டச்சு செய்த கட்டுரை இன்னொரு கணினியில் புரியாத குறிகளின் குவியலாகத் திறந்ததையும் பத்திரிகைக்கு எழுதிய எவரும் மறந்திருக்க முடியாது. 2010 ஜூனில் ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு தரநிலையாக ஏற்ற பிறகும், பழைய எழுத்துருக்களில் சிறைப்பட்ட கோப்புகளை மாற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. பொருளியலாளர் ‘மாறுதல் செலவு’ என்று சொல்வதை நம் தட்டச்சர்கள் விரல் நோக அனுபவித்தார்கள்.

மூன்று மேடைகளும் எப்படி வீழ்ந்தன என்பதைக் கவனித்தால், தொழில்நுட்பத் தோல்வி அதில் சிறு பங்கே. ஃபிளாஷுக்குப் பாதுகாப்பு ஓட்டைகளும், கணினியின் ஆற்றலை விழுங்கும் குறையும் இருந்தன, அவை உண்மை. ஆனால் அதன் தலைவிதியை எழுதியது ஐஃபோன். 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகக் கடிதம் எழுதி, ஐஃபோனிலும் ஐபேடிலும் ஃபிளாஷுக்கு இடமில்லை என்று விளக்கினார். மூடிய தொழில்நுட்பம், பாதுகாப்பு, மின்கல நேரம் எனப் பல காரணங்களைச் சொன்னார். தனக்கும் நிரலாளருக்கும் இடையில் மூன்றாமவரின் மேடை ஒன்று குறுக்கே நிற்பதை ஏற்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்தக் கடைசிக் காரணமே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். 2008-இல் தொடங்கப்பட்ட ஆப் ஸ்டோரில் அப்போது விற்பனைத் தொகையில் 30 சதவீதம் ஆப்பிளுக்குச் சேர்ந்தது. உலாவிக்குள் வேறொருவரின் மேடை இயங்கினால், அந்தச் சுங்கச்சாவடிக்குப் பக்கத்திலேயே ஒரு மாற்றுப்பாதை திறந்துவிடும். 2011 நவம்பரில் கைப்பேசி உலாவிகளுக்கான ஃபிளாஷைக் கைவிடுவதாக அடோபி அறிவித்தது.

சில்வர்லைட்டுக்கு வெளிப்பகை தேவைப்படவில்லை. 2010 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் உயர் அதிகாரி ஒருவர், எல்லாச் சாதனங்களிலும் இயங்குவதற்கான தங்கள் வழி இனி எச்டிஎம்எல் என்றும், சில்வர்லைட் குறித்த உத்தி மாறிவிட்டது என்றும் ஒரு பேட்டியில் கூறினார். நிரலாளர்களிடையே பெரும் கொந்தளிப்பு எழுந்தது. நிறுவனம் விளக்கம் அளித்தது. ஆனாலும் 2011 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பே கடைசிப் பெரும் பதிப்பாயிற்று. 2021 அக்டோபரில் ஆதரவும் முடிந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த திறமையின் சந்தை மதிப்பு ஒரு பேட்டியில் சரிந்தது என்றால் அது மிகையன்று.

சன் நிறுவனமே 2010 ஜனவரியில் ஆரக்கிளின் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு வந்த ஜாவா எஃப்எக்ஸ் இரண்டாம் பதிப்பில், அந்தப் புதிய எழுத்துமொழி கைவிடப்பட்டது. அதை நம்பிக் கற்றவர்கள் மீண்டும் சாதாரண ஜாவாவுக்கே திரும்பினர்.

இந்த வீழ்ச்சிகளின் செலவை ஏற்றவர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் தன் பொறியாளர்களைக் கொண்டு உலாவியிலேயே இயங்கும் முறைக்கு மாறிக்கொண்டது. ட்வீட்டெக்கை வாங்கிய ட்விட்டர் அதை மாற்றி எழுதியது. பணமும் ஆளும் உள்ள நிறுவனங்களுக்கு இது ஒரு காலாண்டின் தலைவலி. பள்ளிகள், சிறு நிறுவனங்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றுக்கு அப்படி அல்ல. ஒருமுறை ஒதுக்கீடு பெற்று, ஒருமுறை ஒப்பந்தம் விட்டு, ஒருமுறை கட்டியதுதான். மீண்டும் கட்ட நிதி கேட்டால், நன்றாக ஓடுவதை எதற்கு மாற்ற வேண்டும் என்று தணிக்கைக்காரர் கேட்பார். நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில், தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் மாணவர்கள் தாங்களே திரையில் இழுத்து விலை மாறுவதைக் காணும்படியான பாடங்களை இரு இளம் ஆசிரியர்கள் ஓராண்டு உழைத்து உருவாக்கினர். எந்த மேடையில் என்பது இங்கு வேண்டாம். கோப்புகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன; வகுப்பறைக் கணினி எதிலும் அவை திறப்பதில்லை. அதே ஆண்டு சாதாரண இணையப் பக்கங்களாக எழுதி வைத்த பாடக்குறிப்புகள் இன்றைய கைப்பேசியிலும் படிக்கக் கிடைக்கின்றன.

தென் கொரியாவின் அனுபவம் இதைவிடப் பெரிது. 1990-களின் இறுதியில் அந்நாடு இணையப் பணப் பரிமாற்றத்துக்கென்று சொந்தமாக ஒரு மறையாக்க முறையை வகுத்தது. தொலைநோக்குள்ள முயற்சிதான். ஆனால் அதை உலாவியில் இயக்க, மைக்ரோசாஃப்டின் ‘ஆக்டிவ்எக்ஸ்’ செருகுநிரலை நம்பியது. விளைவாக, உலகின் அதிவேக இணைய இணைப்புகளைக் கொண்ட அந்நாட்டில், வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்குக்கூடப் பல ஆண்டுகள் விண்டோஸும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் கட்டாயமாயின. சான்றிதழ் முறையைச் சட்டம் திருத்தித் தளர்த்த 2020 டிசம்பர் வரை ஆயிற்று. மைக்ரோசாஃப்டே அந்த உலாவிக்கு 2022 ஜூனில் விடை கொடுத்துவிட்டது.

அப்படியானால் பொதுத் தரநிலைகள் வென்றுவிட்டன என்று மகிழலாமா? பாதி மகிழலாம். எச்டிஎம்எல் ஐந்தாம் பதிப்பு 2014 அக்டோபரில் முறையான பரிந்துரையானது. அதற்கான பணியைச் சில உலாவி நிறுவனங்கள் 2004-இலேயே தொடங்கியிருந்தன. பத்தாண்டு என்பது வியாபாரத்தில் நெடுங்காலம். அந்த இடைவெளியை நிரப்பியவை தனியார் மேடைகள்தான் என்பதை மறுப்பதற்கில்லை. இணையத்தில் காணொளியை வீடுதோறும் கொண்டுசேர்த்தது ஃபிளாஷ். தரநிலைக் குழு முடிவெடுக்கும் வரை உலகம் காத்திருக்க வேண்டும் என்று வாதிடுவது நியாயமாகாது.

மேலும், வென்ற தரநிலையின் மீதே புதிய ஆதிக்கம் முளைத்திருக்கிறது. இன்று மேசைக்கணினிச் செயலிகளைக் கட்டுவதற்கான பிரபலமான மேடை, கிட்ஹப் நிறுவனம் 2013-இல் தொடங்கிய ‘எலக்ட்ரான்’. இதில் எழுதும் ஒவ்வொரு செயலியும் தன்னுள் ஒரு முழு உலாவியையே சுமந்து வருகிறது. அதனால்தான் அரட்டைச் செயலி ஒன்றைத் திறந்தாலே பழைய கணினிகள் மூச்சு வாங்குகின்றன. அந்த உலாவி, கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியும் 2020 முதல் அதன் மீதே இயங்குகிறது. நிரல்மூலம் திறந்திருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் அதன் போக்கைத் தீர்மானிக்கும் பொறியாளர்களில் பெரும்பாலோருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இருந்தும், திறந்த நிரல்மூலம் தரும் பாதுகாப்பு வெறும் ஆறுதல் மட்டும் அன்று என்பதற்கு மூன்று மேடைகளின் மறுவாழ்வே சாட்சி. ஜாவா எஃப்எக்ஸை 2018-இல் ஆரக்கிள் தன் ஜாவா தொகுப்பிலிருந்து விலக்கியது. நிரல்மூலம் ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்ததால், வேறு கைகள் அதைத் தாங்கிக்கொண்டன. இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன. அடோபி ஏர் 2019-இல் சாம்சங் குழுமத்தைச் சேர்ந்த ஹார்மன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமையாளர் மாறினாலும் அது தொடர்கிறது. ஆயினும் எல்லாம் அந்த ஒரு நிறுவனத்தின் விருப்பம். சில்வர்லைட்டோ ஃபிளாஷ் இயக்கியோ அப்படி முழுமையாகத் திறக்கப்படவில்லை. பழைய ஃபிளாஷ் படைப்புகளை மீட்க, தன்னார்வலர்கள் ‘ரஃபிள்’ என்ற மென்பொருளை அடிப்படையிலிருந்து எழுத வேண்டியிருந்தது. இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பர் முதல் அதன் துணையுடன் பல படைப்புகளைக் காத்து வருகிறது. விளையாட்டுகளும் கேலிச்சித்திரங்களும் பிழைத்தன. உள்ளாட்சி அலுவலகப் படிவத்துக்காக இரவு கண்விழிக்கும் தன்னார்வலரை எங்கே தேடுவது?

இப்போது போட்டி கைப்பேசிக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. விட்ஜெட்டுகள்கூட மீண்டு வந்திருக்கின்றன: 2020-இல் ஐஃபோனின் முகப்புத் திரையில், 2021-இல் விண்டோஸ் 11-இல், 2023-இல் ஆப்பிள் கணினிகளின் திரையில். ஆனால், மேடையின் உரிமையாளரிடம் இப்போது 2008-இல் இருந்ததைவிட அதிகமான பிடி இருக்கிறது. செயலி எழுதுவதற்கான கருவி மட்டுமல்லாமல், விற்கும் கடையும் பணம் வாங்கும் கல்லாப்பெட்டியும் அவருடையவை. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஒரே வாரத்தில் கூகுளுக்கு இரண்டு அபராதங்களை விதித்தது. ஆண்ட்ராய்டு நிபந்தனைகளுக்காக ரூ.1,337.76 கோடி; செயலிக் கடையின் கட்டண முறைக்காக ரூ.936.44 கோடி. முதல் தொகையை 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. இரண்டாவதை 2025 மார்ச்சில் ரூ.216.69 கோடியாகக் குறைத்தது.

அபராதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படும் நிகழ்ச்சி ஐரோப்பாவில் நடந்தது. செயலிக் கடைக்குப் போகாமலேயே ஓர் இணையப் பக்கத்தைக் கைப்பேசித் திரையில் செயலி போல வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. 2024 தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டத்துக்கு இணங்குவதைக் காரணம் காட்டி, அங்குள்ள ஐஃபோன்களில் அவ்வசதியை நீக்கப்போவதாக ஆப்பிள் தெரிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் முதல் தேதி அம்முடிவைத் திரும்பப் பெற்றது. பொதுத் தரநிலையில் எழுதிய செயலிகூட, கடைசிப் படியில் மேடை உரிமையாளரின் தயவில் நிற்கிறது என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின. 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடைகளைத் தொடர்ந்து, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது, சேவை மீண்டது. கட்டணம் செலுத்திய வாடிக்கையாளருக்கே இந்த நிலை என்றால், இலவச மேடையில் கட்டியவர் எந்த ஒப்பந்தத்தைக் காட்டி வழக்காடுவார்?

அதன் பிறகு சுதேசி மென்பொருள் குறித்த பேச்சு உரத்து ஒலிக்கிறது. உரிமையாளர் நம் நாட்டவராக இருப்பதில் பயன் இல்லாமல் இல்லை. வெளிநாட்டுத் தடைகள் அவரைக் கட்டுப்படுத்தாது, நம் நீதிமன்றங்கள் கட்டுப்படுத்தும். ஆனால் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியதற்கும், சில்வர்லைட்டை மைக்ரோசாஃப்ட் கைவிட்டதற்கும் நாட்டுப்பற்று காரணமன்று. அவை வியாபார முடிவுகள். அத்தகைய முடிவை எந்த நாட்டு நிறுவனமும் எடுக்கும்.

நம்மிடம் கொள்கை இல்லாமல் இல்லை. மின்னாளுகையில் திறந்த தரநிலைகளுக்கான கொள்கையை மத்திய அரசு 2010 நவம்பரிலேயே அறிவித்தது. திறந்த நிரல்மூல மென்பொருளுக்கான கொள்கை 2015-இல் வந்தது. குறை, கொள்முதல் கணக்கில் இருக்கிறது. குறைந்த விலைப்புள்ளி தருபவருக்கே ஒப்பந்தம் என்ற முறையில், கட்டும் செலவு மட்டும் எண்ணாக வருகிறது. வெளியேறும் செலவுக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. கட்டம் இல்லாத செலவு பூஜ்யமாகவே கருதப்படுகிறது. ஒரு பாலம் கட்டும்போது பராமரிப்புக்கும் சேர்த்தே விலை கேட்கிறோம். பத்தாண்டு இயங்க வேண்டிய ஒரு பொதுச் சேவைச் செயலிக்கு, அது நிற்கும் மேடையை அதன் உரிமையாளர் ஐந்தாம் ஆண்டில் கைவிட்டால் வேறு மேடைக்கு மாற்றித்தர என்ன விலை என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே கேட்க முடியும். அந்தத் தொகையையும் சேர்த்து ஒப்பிட்டால், மலிவாகத் தெரிந்த விலைப்புள்ளிகளில் சில மலிவாக இரா. தரவுகள் எந்த வடிவத்தில் திரும்பக் கிடைக்கும், நிரல்மூலம் யாரிடம் இருக்கும், செயலிக் கடை மறுத்தால் சாதாரண உலாவியில் அதே சேவை கிடைக்குமா என்பவையும் அந்தக் கட்டத்தில் எழுதப்பட வேண்டியவை.

கடைசியாகச் சொன்னது மாற்று ஏற்பாடு மட்டும் அன்று. பழைய கைப்பேசி வைத்திருக்கும் முதியவர், செயலி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்படுகிறார். சாதாரண இணையப் பக்கம் அவரது கைப்பேசியிலும் திறக்கும். இ-சேவை மையத்தின் பழைய கணினியிலும் திறக்கும்.